சுனில் சேத்ரியின் 95 கோல்கள்: ஒரு சாதனையை எப்படி எடைபோடுவது?

ஆண்கள் சர்வதேசக் கால்பந்தில் தம் நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர்களின் பட்டியலில் முதல் நான்கு இடங்களில் இருப்பவர்கள் போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ, அர்ஜென்டினாவின் லயோனல் மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி, இந்தியாவின் சுனில் சேத்ரி. 2025 இறுதிவரையிலான கணக்குப்படி அவர்கள் முறையே 143, 115, 108, 95 கோல்கள் அடித்திருக்கிறார்கள். முதல் மூவரும் உலகக் கோப்பையில் ஆடியவர்கள். நான்காமவரின் நாடு உலகக் கோப்பையில் இதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இந்த முரண்பாடுதான் சேத்ரியின் சாதனையைப் பற்றிய விவாதத்தை இத்தனை ஆண்டுகள் சூடாக வைத்திருக்கிறது. மெஸ்ஸியோடு தோளுரசி நின்றவர் என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். நேபாளத்துக்கும் மாலத்தீவுக்கும் எதிராக அடித்த கோல்களையெல்லாம் சேர்த்து என்ன பெருமை என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரு சாராரும் அந்த 95-ஐ வேறு யாருடைய கணக்கோடாவது ஒப்பிட்டே பேசுகிறார்கள். தேசிய அணிக்கான கோல் கணக்கு என்பது, ஒரு நாடு தன் வீரருக்கு எத்தனை ஆட்டம் கொடுத்தது, யாரோடு மோதவிட்டது, பந்தைக் கொண்டுவந்து கொடுக்க யாரைப் பக்கத்தில் நிறுத்தியது, இவ்வளவுக்கும் பிறகு அந்த வீரர் என்ன செய்து காட்டினார் என்பதன் தொகுப்பு. சேத்ரியின் எண்ணை இந்தியக் கால்பந்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் உண்மையான எடை தெரியும்.

எது கணக்கில் சேரும்?

முதலில் எண்ணும் முறை. ஃபிஃபா அங்கீகரித்த இரண்டு நாடுகளின் முதன்மை அணிகள் மோதினால்தான் அது முழுமையான சர்வதேச ஆட்டம். வயது வரம்புள்ள அணிகளின் ஆட்டங்கள் இதில் சேராது. 2002 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்து 23 வயதுக்குட்பட்டோருக்கானது. வயது கடந்தவர்கள் மூவருக்கு மட்டும் அணியில் இடம் உண்டு. அப்படி இடம்பெற்றுத்தான் 39 வயதில் சேத்ரி 2023 ஹாங்சோ போட்டியில் தலைமையேற்று ஆடினார். அங்கே வங்கதேசத்துக்கும் மியான்மருக்கும் எதிராக அவர் அடித்த கோல்கள் இந்த 95-இல் இல்லை.

பழைய காலத்துக் கணக்குகளில் குழப்பம் அதிகம். அலி தாயியின் எண்ணிக்கை பல ஆண்டுகள் 109 என்றே அச்சாகிவந்தது. இப்போது 108 என்று திருத்தப்பட்டிருக்கிறது. மலேசியாவின் மொக்தார் தஹாரிக்கு 89 கோல்கள் என்பது நெடுங்காலம் பலரும் அறியாத தகவலாக இருந்தது. பழைய ஆட்டங்களை ஆய்வாளர்கள் தோண்டியெடுத்துச் சரிபார்த்த பிறகே அவர் உச்சியில் உள்ளவர்களின் வரிசையில் வந்து நின்றார். இந்தியாவிலும் இதே நிலைதான். பைச்சுங் பூட்டியாவின் கோல்கள் ஒரு பட்டியலில் 40-ஐத் தாண்டும். கறாராக எண்ணும் இன்னொரு பட்டியலில் 30-ஐத் தொடாது. கிளப் அணிகளுக்கும் வயதுவரம்பு அணிகளுக்கும் எதிரான ஆட்டங்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதில்தான் இந்த வேறுபாடு பிறக்கிறது. சேத்ரி ஆடிய காலம் ஒளிப்பதிவும் ஆட்ட அறிக்கைகளும் ஒழுங்காகக் கிடைக்கும் காலம். எனவே 95 என்ற எண்ணைக் கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். சண்டை முழுவதும் அதன் மதிப்பைப் பற்றியதே.

குவெட்டாவிலிருந்து ஷில்லாங் வரை

1984 ஆகஸ்ட் 3 அன்று செகந்திராபாத்தில் பிறந்தவர் சேத்ரி. தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். தாய் நேபாள மகளிர் அணிக்கு ஆடியவர். 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய முதன்மை அணிக்கு முதன்முறையாக ஆடினார். அப்போது வயது 20. ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. இந்தியாவின் கோல் அவருடையது.

அவரை நாடு திரும்பிப் பார்த்த நாள் 2008 ஆகஸ்ட் 13. டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி தஜிகிஸ்தான். இந்தியா 4-1 என வென்றது. மூன்று கோல் சேத்ரி, ஒன்று பூட்டியா. கோப்பையைவிடப் பெரிய பரிசு அதோடு வந்தது. 1984-க்குப் பிறகு முதன்முறையாக ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி இந்தியாவுக்குக் கிடைத்தது. 2011-இல் தோஹாவில் நடந்த அந்தப் போட்டியில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. பஹ்ரைனுக்கு எதிராக ஒன்று, தென்கொரியாவுக்கு எதிராக பெனால்டியில் ஒன்று என சேத்ரி இரண்டு கோல் அடித்தார். அதே ஆண்டு டெல்லியில் நடந்த தெற்காசியக் கோப்பையில் ஏழு கோல்.

2018 ஜூனில் மும்பையில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என வீழ்த்தியது. சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். பார்க்க வந்திருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அதன் பிறகு அவர் ஒரு காணொளி வெளியிட்டார். மைதானத்துக்கு வாருங்கள், திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்து கென்யாவுடன் மோதிய ஆட்டத்தில் மழையையும் பொருட்படுத்தாமல் மைதானம் நிறைந்தது. அது அவருக்கு 100-ஆவது ஆட்டம். அதிலும் இரண்டு கோல். இறுதி ஆட்டத்திலும் கென்யாவுக்கு எதிராக மேலும் இரண்டு அடித்து 64-ஐ எட்டியபோது, மெஸ்ஸியும் அன்றைக்கு அதே 64-இல்தான் இருந்தார்.

பிறகு பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. 2021 அக்டோபரில் மாலேயில் பீலேயின் 77. 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராக அடித்த கோலோடு ஹங்கேரியின் புஸ்காஸின் 84-க்குச் சமம். 2023 ஜூனில் பெங்களூருவில் பாகிஸ்தானுக்கு எதிரான ஹாட்ரிக்கோடு 90. மொக்தார் தஹாரியும் பின்தங்கினார். 2024 மார்ச்சில் குவஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 150-ஆவது ஆட்டத்தில் 94-ஆவது கோல். 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக, 40 வயதில், 95.

எதிரணி யார் என்ற கேள்வி

இனி விமர்சனத்துக்கு வருவோம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பெங்களூருவில் பாகிஸ்தானுக்கு எதிராக அடித்த அந்த மூன்று கோல்களையே எடுத்துக்கொள்வோம். முதல் கோல், பின்னோக்கி வந்த பந்தைக் கோல்கீப்பர் சரியாக உதைத்து வெளியேற்றத் தவறியதால் கிடைத்தது. அவர் தடுமாறுவார் என்று கணித்து ஓடிவந்து நெருக்கியவர் சேத்ரி. காலில் பட்ட பந்தைக் காலி வலைக்குள் தள்ளினார். அடுத்த இரண்டும் பெனால்டி. பாகிஸ்தான் அணி விசா தாமதத்தால் ஆட்டத்தன்றுதான் நகருக்கு வந்து சேர்ந்திருந்தது. பீலேயையும் புஸ்காஸையும் தாண்டிய வரிசையில் இப்படிப்பட்ட கோல்களும் இருக்கின்றன என்பது உண்மை. அவருடைய கோல்களில் பெரும்பங்கு தெற்காசிய அணிகளுக்கும் ஆசியாவின் நடுத்தர, கீழ்நிலை அணிகளுக்கும் எதிரானது. ஜப்பான், ஈரான், ஆஸ்திரேலியா ஆகிய அணிகளின் வலைக்குள் அவர் பந்து போனதில்லை.

ஆனால் எளிய எதிரணி என்ற குறை எல்லோர் கணக்கிலும் இருக்கிறது. ரொனால்டோ லக்ஸம்பர்க்குக்கு எதிராக மட்டும் 11 கோல் அடித்திருக்கிறார். அலி தாயி 100-ஐக் கடந்தது 2004-இல் லாவோஸுக்கு எதிராக நான்கு கோல் அடித்த நாளில். மகளிர் கால்பந்தில் 190 கோல்களோடு ஆண், பெண் இருபாலருக்கும் மேலே நிற்கும் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர், 2020-இல் உலக சாதனையை முறியடித்தது செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவுக்கு எதிரான 11-0 வெற்றியில். ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்சன் 2001-இல் அமெரிக்க சமோவாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 13 கோல் அடித்தார். அந்த ஆட்டத்தின் முடிவு 31-0. நீண்ட கோல் பட்டியல் எதுவானாலும் அடித்தளத்தில் இத்தகைய ஆட்டங்கள் இருக்கும்.

வேறுபாடு மேல்தளத்தில்தான். ரொனால்டோவின் பட்டியலில் லக்ஸம்பர்க்குக்கு மேலே, 2013-இல் ஸ்வீடனைத் தனியாளாக உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றிய ஹாட்ரிக் இருக்கிறது. 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரான ஹாட்ரிக் இருக்கிறது. அலி தாயி 1996 ஆசியக் கோப்பையில் தென்கொரியாவை 6-2 என ஈரான் சிதறடித்த ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தவர். என்றாலும் இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடி ஒரு கோலும் அடிக்காதவர். சேத்ரியின் மேல்தளம் இவர்களுடையதைவிட மெலிந்தது. மூன்று ஆசியக் கோப்பைகளில் அவருக்கு நான்கு கோல்தான். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த மூன்றாவது போட்டியில் இந்திய அணி முழுவதுமே ஒரு கோலும் அடிக்காமல் திரும்பியது.

எதிரணியின் தரத்தை வைத்தே பேசுவதென்றால், இந்தியாவின் பழைய தலைமுறை முன்னால் வந்து நிற்கும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். அந்தப் போட்டியில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் அடித்தவர் தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் தலைமுறையின் மொத்தக் கணக்கு சேத்ரியின் கணக்குக்குப் பக்கத்தில் சிறியது. அவர்கள் நின்ற மேடையோ பெரியது. அந்த மேடை சேத்ரிக்குக் கிடைக்கவே இல்லை. 1960-க்குப் பின் இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் தொடக்கக் கட்டங்களைத் தாண்டியதில்லை. தன் எதிரணிகளை ஒரு வீரர் தேர்ந்தெடுப்பதில்லை. அவருடைய நாட்டின் தரவரிசைதான் தேர்ந்தெடுக்கிறது. ஃபிஃபா பட்டியலில் 2015-இல் 170-க்கும் கீழே கிடந்த நாட்டோடு நட்புமுறை ஆட்டம் ஆட பெரிய அணி எதுவும் தேடி வராது.

விகிதம் சொல்வதும் சொல்லாததும்

மொத்த எண்ணிக்கையை நம்பாதவர்கள் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று பார்ப்பார்கள். சேத்ரி 157 ஆட்டங்களில் 95, சராசரி 0.61. ரொனால்டோ 226 ஆட்டங்களில் 143; சராசரி 0.63. மெஸ்ஸி 196-இல் 115, சராசரி 0.59. மூவரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தராசில் வைத்தால் மூவருமே முதல் வரிசையில் வரமாட்டார்கள். ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 62 ஆட்டங்களில் 68 அடித்தவர். புஸ்காஸ் 85-இல் 84. பிரான்ஸின் ஜுஸ்ட் ஃபோன்டேன் 21 ஆட்டங்களில் 30. காயத்தால் 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர்.

விகிதம் ஒருவருடைய உச்ச காலத்தின் வேகத்தைக் காட்டும். மொத்தம் அவர் எத்தனை காலம் தாக்குப்பிடித்தார் என்பதைக் காட்டும். 20 வயதில் குவெட்டாவில் தொடங்கி 40 வயதில் ஷில்லாங்கில் முடியும் கோல் வரிசையில் இரண்டாவது குணமே தூக்கலாகத் தெரிகிறது. ஐந்தடி ஏழு அங்குல உயரம் கொண்ட ஒரு ஸ்ட்ரைக்கர், வேகம் குறைந்த பிறகும் கோல் எடுத்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் உடலைப் பேணிய கட்டுப்பாடும் இடமறிந்து நிற்கும் அறிவும்தான்.

2021 ஜூன் 7 அன்று தோஹாவில் வங்கதேசத்துக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டம் இதற்கு நல்ல சான்று. 79 நிமிடம்வரை கோல் இல்லை. இடது பக்கத்திலிருந்து ஆஷிக் குருனியன் பந்தைத் தூக்கிப் போடுகிறார். தன்னைவிட உயரமான தடுப்பாளர்களுக்கு நடுவே சேத்ரி ஓட்டத்தைச் சரியாக அளந்து எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். கூடுதல் நேரத்தில் சுரேஷ் வாங்ஜாம் கொடுத்த பந்தை வலது காலால் வளைத்துத் தொலைவிலுள்ள மூலைக்கு அனுப்புகிறார். அன்றைக்கு அவருக்கு வயது 36. அந்த இரண்டு கோல்களால் அவர் கணக்கு 74 ஆகி, அப்போது 72-இல் இருந்த மெஸ்ஸியைத் தாண்டியது. செய்தித்தாள்கள் தலைப்பில் போட்டது இந்த ஒப்பீட்டைத்தான். அந்த வெற்றி இல்லாவிட்டால் அடுத்த ஆசியக் கோப்பைக்கான பாதை இந்தியாவுக்கு இன்னும் கடினமாகியிருக்கும் என்பது பின்பக்கச் செய்தியாகிவிட்டது.

ஒருவர் அடித்து அணி தோற்கும்போது

ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசா 71 கோல் அடித்தவர். அவர் கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. அவருடைய கோல் ஒரு வலுவான அணியின் உழைப்புக்கு மேல் வைக்கப்பட்ட முத்திரை. சேத்ரியின் பட்டியலைத் திறந்தால் வேறு கதை. தோஹாவில் பஹ்ரைனிடம் 2-5, தென்கொரியாவிடம் 1-4. 2019-இல் அகமதாபாத்தில் அவர் இரண்டு கோல் அடித்தும் தஜிகிஸ்தானிடம் 2-4. அதே ஆண்டு குவஹாட்டியில் அவர் கோலால் ஓமனுக்கு எதிராக முன்னிலை பெற்று, கடைசிக் கட்டத்தில் இரண்டு கோல் வாங்கி 1-2. 2023-இல் மலேசியாவிடம் 2-4. 150-ஆவது ஆட்டத்தில் அவர் பெனால்டியால் முன்னிலை பெற்றும் ஆப்கானிஸ்தானிடம் 1-2. இத்தனை தோல்விகளிலும் இந்தியாவின் கோல் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது.

அதற்காக, அவர் ஒருவர்தான் அணி என்றும் சொல்லிவிட முடியாது. ஓமனிடம் தோற்ற ஐந்தாவது நாள், ஆசிய சாம்பியனான கத்தாரை அதன் சொந்த மண்ணில் இந்தியா கோலின்றிச் சமன் செய்தது. உடல்நலக் குறைவால் சேத்ரி அந்த ஆட்டத்தில் ஆடவில்லை. கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்துவும் தடுப்பாட்டமும் சேர்ந்து பெற்றுத் தந்த முடிவு அது. சேத்ரி இல்லாமல் இந்திய அணியால் கோல் வாங்காமல் இருக்க முடிந்தது. கோல் போடத்தான் ஆள் இல்லை.

நல்ல துணை கிடைத்த ஆட்டங்களில் அவர் ஆட்டமே வேறாக இருந்தது. 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என வீழ்த்திய ஆட்டத்தில், இடைவேளை முடிந்த கையோடு உதாந்தா சிங் வலது பக்கம் பாய்ந்து பந்தை உள்ளே தருகிறார். ஆஷிக் அதை மெல்லத் தட்டிவிடுகிறார். சேத்ரி நிறுத்தாமல் முதல் தொடுதலிலேயே வலைக்குள் செலுத்துகிறார். மூன்று பேர் ஒரே எண்ணத்தோடு இயங்கினால் என்ன ஆகும் என்று காட்டிய கோல் அது. அதுபோன்ற கூட்டணி தொடர்ந்து பல ஆண்டுகள் அவருக்கு வாய்த்திருந்தால், மெலிந்திருக்கிறது என்று மேலே சொன்ன மேல்தளம் கொஞ்சம் கனத்திருக்கும்.

பின்னால் யார்?

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் 0-0. அதோடு சேத்ரி ஓய்வு பெற்றார். அப்போது அவர் கணக்கு 94. அணியில் இருந்த மற்ற எவரும் 10 கோலைத் தொட்டிருக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் 40 வயது சேத்ரியைத் திரும்ப அழைத்தார். அவர் வந்தார், ஷில்லாங்கில் 3-0 வெற்றியில் ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு கோல் இல்லை. அக்டோபரில் மட்காவ் மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இந்தியா இழந்தது. அடுத்த மாதம் அவர் மீண்டும் ஓய்வை அறிவித்தார்.

ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைக்கும் நிலைக்கு ஒரு நாடு ஏன் வந்தது? விடையின் பெரும்பகுதி கிளப் ஆட்டங்களில் இருக்கிறது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் வரை இறங்கலாம். அது 2017-18-இல் ஐந்தாகவும் 2021-22-இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. குறைந்த இடங்களையும் கிளப்புகள் எங்கே செலவிட்டன என்று பார்த்தால் முன்வரிசைதான் முதலில் வரும். கோல் போடும் இடத்துக்கு வெளிநாட்டுக்காரர், ஓரத்துக்கும் தடுப்பாட்டத்துக்கும் இந்தியர் என்பது வழக்கமாகிவிட்டது. தொடங்கிய நாள் முதல் 2024-25 வரை எந்தப் பருவத்திலும் அதிக கோலுக்கான விருதை இந்தியர் ஒருவர் வாங்கவில்லை. அந்த 2024-25 பருவத்தில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர், 14 கோல்களோடு, 40 வயது சேத்ரியேதான். கிளப்பில் வாரம்தோறும் ஸ்ட்ரைக்கர் இடத்தில் நிற்காத இளைஞர், தேசிய அணியில் ஒரே நாளில் ஸ்ட்ரைக்கராகிவிட மாட்டார்.

ஆக, 95 என்ற எண் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது. ஒன்று, வாய்ப்பு குறைந்த, ஆட்டம் குறைந்த, துணை குறைந்த ஓர் அணியில் இருபது ஆண்டுகள் ஒருவர் தன் வேலையைத் தவறாமல் செய்தார் என்பது. இதில் எந்தத் தள்ளுபடியும் தேவையில்லை; நேபாளத்துக்கு எதிரான கோலாக இருந்தாலும் அதை அடிக்க இந்தியாவில் வேறு ஆள் வரவில்லை. இன்னொன்று, அந்த இருபது ஆண்டுகளில் இந்தியக் கால்பந்து தன் கோல் போடும் பொறுப்பை ஒரே மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியாக இருந்துவிட்டது என்பது. முதல் செய்திக்காக சேத்ரியைக் கொண்டாடுபவர்கள் இரண்டாவது செய்திக்காக இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பையும் கிளப்புகளையும் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

மெஸ்ஸிக்குச் சமமா, பீலேக்கு மேலா என்ற விவாதத்தை இனி விட்டுவிடலாம். அவருடைய சாதனையை இன்னொரு இந்தியர் முறியடிக்க வேண்டும் என்பதும் அவசரத் தேவையல்ல. அடுத்த பத்தாண்டுகளில் ஐந்தாறு இந்திய முன்வரிசை வீரர்கள் தலைக்கு இருபது முப்பது கோல் அடிக்கும் நிலை வர வேண்டும். அதற்கு அவர்கள் கிளப்பில் அந்த இடத்தில் ஆட வேண்டும், தேசிய அணிக்கு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தரமான ஆட்டங்கள் கிடைக்க வேண்டும். சேத்ரி தனியாகச் சுமந்ததைப் பலர் பகிர்ந்து சுமக்கும் அணியை உருவாக்குவதுதான் அந்த 95 கோல்களுக்கு இந்தியா செய்யக்கூடிய உண்மையான மரியாதை.